சித்தாள்

கருவிக்குப் பெயர் வைக்கவே ஒரு வாரம் பிடித்தது.
கொத்தனார் என்று வை என்றான் இர்ஃபான்.
சுவர் வைப்பது அது இல்லையே.
எது முதலில், எது அதற்கப்புறம் என்று தெரிந்து
கல்லையும் கலவையையும் தூக்கி வருவதுதானே வேலை.
சித்தாள் என்றே பதிந்தேன்.
யாரும் எடுக்கலாம், பிரிக்கலாம், திருத்தலாம்.
கூலி கிடையாது.

தோட்டப்பாளையத்தில் ஒரு லாட்ஜ்,
ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை
வரவேற்பு மேசை என்னுடையது.
காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து
மருத்துவத்துக்கு வந்தபடியே இருப்பார்கள்.
மால்டா, தன்பாத், அகர்தலா என்று
பேரேட்டில் ஊர் எழுதிச் சாவி கொடுத்தபின்
மலைகள் பகலில் குடித்த வெயிலைத்
திருப்பிக் கக்கும் மிச்ச இரவில்
லிஸ்ப்.

அடைப்புக்குறிகளைச் சொல்லிக் கேலி செய்வார்கள்.
எனக்குப் பிடிக்கும்.
திறந்ததை மூடாமல் நகரக்கூடாது என்கிற நியாயம்
இந்தத் தெருவில் வேறெங்கும் இல்லை.
குழாய் பதிக்க வெட்டிய பள்ளம்
ஏழு மாதமாய் எங்கள் வாசலில்.

சோதனைகள் நூற்றுப் பதினாறு.
என் மடிக்கணினியில் அத்தனையும் பச்சை.
லாட்ஜ் கணினியில் ஒன்று மட்டும் சிவப்பு,
அதுவும் சில ராத்திரிகளில்.

அந்தச் ‘சில’தான் ஆளைக் கொல்லும்.
நிரலை மாற்றிவிட்டு, கட்டு என்றால்
“எல்லாம் கட்டியாயிற்று” என்கிறாள்,
நேற்றைய சுவரைக் காட்டுகிறாள்.

பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
எதற்கு எது வேண்டும் என்று கோடு இழுத்தேன்.
மூன்று ராத்திரி.
எங்கும் வட்டம் இல்லை.

வட்டம் மேசைக்கு எதிரே நின்றது.
சுபல் மண்டல், அறை இருநூற்றேழு.
டாக்டர் கேட்கிறாராம், ஊருக்கு ரயில் என்றைக்கு?
ரயில் பதிய, டாக்டர் ஒரு தேதி சொல்லவேண்டும்.
சித்தாளிடம் இதைக் கொடுத்தால்
வட்டச் சார்பு என்று சொல்லி நின்றுவிடுவாள்.
அவர் நிற்கவில்லை.
டீ வாங்கப் போனார், எனக்கும் ஒன்று.

ஒன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
இன்வெர்ட்டரில் விசிறி உண்டு, கணினி கிடையாது.
வந்ததும் அவருடைய வாடகை ரசீதை அடித்தேன்.
வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.
தீதி, இந்தத் தேதியில்
என் பையன் பிறக்கவே இல்லையே.

ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து இரண்டு.

பெட்டியைத் திறந்தால், மதர்போர்டில்
எட்டணா அளவு பேட்டரி ஒன்று செத்துக் கிடந்தது.
கரண்ட் போகிறபோதெல்லாம்
இந்த யந்திரம் இரண்டாயிரத்து இரண்டுக்குப் போய்விடுகிறது,
நானும் அங்கே உட்கார்ந்து
வரி வரியாகத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.
கட்டி வைத்ததன் முத்திரையோ போன வாரம்.
எது புதுசு,
சித்தாளுக்குத் தெரிந்த ஒரே கேள்வி அது.
கட்டினதுதான் புதுசு என்றாள்.
பொய் ஒன்றும் சொல்லவில்லை.

ஆபீசர்ஸ் லைனில் பேட்டரி நாற்பது ரூபாய்.
வாங்கி டிராயரில் போட்டேன்.
மாட்டவில்லை.
உலகத்தில் இன்னும் எத்தனை மேசைகளில்
எத்தனை செத்த பேட்டரிகளோ.
கடிகாரத்தைக் கேட்காதே, கோப்பின் கைரேகையைப் பார்
என்று சித்தாளுக்குச் சொல்லித்தர இரண்டு ராத்திரி,
அதில் பாதி நேரம்
ஒரு அடைப்புக்குறியை இடம் தவறி மூடியதற்கு.

நூற்றுப் பதினேழாவது சோதனை இப்படி:
கடிகாரத்தை இருபது வருஷம் பின்னுக்குத் தள்ளு,
ஒரு எழுத்தை மாற்று, கட்டு.

மெயினைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன்.
பச்சை.
மறுபடி பிடுங்கினேன். பச்சை.

பத்து மணிக்கு ரயில் என்று
விடிவதற்குமுன் மண்டல் கீழே வந்தார்.
ஒரு தேதியை உத்தேசமாகச் சொல்லிப் பார்த்தாராம் டாக்டரிடம்,
அவரும் சரி என்றாராம்.
பள்ளத்தின்மேல் யாரோ போட்ட பலகையில்
பையனை முன்னே விட்டுத் தோளைப் பிடித்து நடத்தினார்.

ரசீது பழைய தேதியில்தான் வந்திருந்தது.
அடித்துவிட்டு
இன்றைய தேதியைப் பேனாவால் எழுதித் தந்திருந்தேன்.